அண்ணன் போட்ட பங்கு

ஆம்ப்ரோஸ் தன் தம்பியை ஏமாற்றுவதென்று முடிவெடுத்தபோது, பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை. கெட்ட காரியத்துக்கு யார் நாள் பார்க்கிறார்கள்?

பொம்மனஹள்ளியில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கீழே ஆம்ப்ரோஸும் அவன் மனைவி லீனாவும், மாடியில் தம்பி உதயாவும் அவன் மனைவி ஹெலனும். மாடியில் இருந்த இன்னோர் அறை மீன்களுக்கு. மொத்தம் பதினெட்டுத் தொட்டி. மனுஷருக்கு வெந்நீர் இல்லாத நாளிலும் மீனுக்கு ஹீட்டர் ஓடுகிற வீடு இது என்று லீனா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

அவர்கள் வளர்த்தது டிஸ்கஸ். சின்னத் தட்டு மாதிரி வட்டமாக, பக்கவாட்டில் சப்பையாக, மகாராஜா வீதியுலா வருவதுபோல நீந்துகிற மீன். அதன் பவுசு சொல்லி மாளாது. தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் ஆகாது, கொஞ்சம் குளிர்ந்தால் ஆகாது, யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் இரண்டு நாள் சாப்பிடாது. ஆணையும் பெண்ணையும் பிடித்து ஒரே தொட்டியில் விட்டால் குடும்பம் நடத்தாது. கூட்டத்தில் அதுவாகப் பார்த்து அதுவாகத் துணை சேர வேண்டும். சேர்ந்தாலும் முட்டை பொரிக்குமா என்பது வேறு கதை. பொரித்த குஞ்சைத் தாய் தகப்பனே தின்றுவிடாமல் இருக்குமா என்பது அதற்கும் மேல். ஆனால் வளர்த்துவிட்டால் அந்த மாதிரி ஒரு காட்சி கிடையாது. தாயும் தகப்பனும் உடம்பில் ஒரு பிசுக்கைச் சுரக்கும். குஞ்சுகள் அவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதைத்தான் முதல் ஆகாரமாகத் தின்னும். தாய் களைத்துப்போனால் உடம்பை ஒரு உதறு உதறும். உடனே அத்தனை குஞ்சும் தகப்பன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதை ஆம்ப்ரோஸ் போனில்தான் பார்த்திருந்தான். குட்டி மீன் வாங்கி, வளர்த்து, விற்பதோடு அவர்கள் தொழில் நின்றது. தன் தொட்டியில் தன் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும் என்று நாலு வருஷமாக ஏங்கினான். உதயா கூரியர் வண்டி ஓட்டுகிறவன். கடைகளில் மீனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் விலை பேசுவதும் அவன் வேலை, மீன் சங்கதி முழுக்க அண்ணனுடையது. "மீனைப் பத்தி இவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அது தண்ணியில இருக்கும்ங்கறதுதான்" என்று ஆம்ப்ரோஸ் நாலு பேர் முன்னால் கேலி செய்வான். உதயாவும் சேர்ந்து சிரிப்பான். அண்ணன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற தம்பி.

ஆம்ப்ரோஸ் இருபது வருஷம் லேத் ஓட்டிய பட்டறையை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தாறு வயதுக்காரனை வேறு எந்தப் பட்டறையும் கூப்பிடவில்லை. வீட்டில் எதற்கும் அவனை யாரும் யோசனை கேட்பதில்லை, மீனைத் தவிர. அந்த அறைக்குள் மட்டும்தான் அவன் இன்னும் ஒரு ஆளாக இருந்தான். அந்த நேரம் பார்த்து உதயா தனிக்குடித்தனம் போகிறேன் என்றான். ஹெலனுக்கு பொம்மசந்திராவில் கார்மெண்ட்ஸ் வேலை. தினம் இரண்டு பக்கமும் நெரிசலில் போய்வர முடியவில்லை, அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "மீன்ல பாதி நாங்க எடுத்துக்கறோம்ணா. ஹெலனுக்கும் ஆசையாக் கீது" என்றான். தொட்டிகள் இருவர் உழைப்பிலும் வந்தவை. அவன் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததுதான் ஆம்ப்ரோஸுக்கு உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

பாகம் பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மாடியேறிக் கடைசித் தொட்டியைக் குனிந்து பார்த்தான். முட்டையிடுவதற்கென்று வைக்கும் மண் கூம்பில் வியாழக்கிழமை நீல ஜோடி முட்டையிட்டிருந்தது. பார்வைக்கு எடுபடாத ஜோடி அது. பழுப்பு உடம்பு, அதில் மங்கலாக நீலக் கோடு. ஆணுக்கு வால் ஓரத்தில் ஒரு கிழிசல் வேறு. யாரும் அதை நின்று பார்த்ததில்லை. இப்போது கூம்பு முழுவதும் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். குஞ்சுகள். இன்னும் கூம்பை விட்டுப் பிரியாமல், வாலை மட்டும் அடித்துக்கொண்டு, அறுபதுக்குக் குறையாது. லீனாவைக் கூப்பிட வாயெடுத்தான்.

கூப்பிடவில்லை. குஞ்சு பொரிக்கிற ஜோடி எது என்று தெரிந்தால் அடுத்த ஞாயிறு அதன்மேல் இரண்டு கை நீளும். ஒன்று தம்பியுடையது.

கீழே உதயாவின் வண்டி இல்லை. ஹெலன் குளித்துக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி வாளியில் போட்டான். தாயும் தகப்பனும் குழாயின் வாயை முட்டி முட்டித் தடுத்தன. ஆண் அவன் விரலைக் கடித்தது. விடவில்லை அவன். கூம்பைச் சுத்தமாக உறிஞ்சிவிட்டு, வாளியை மாடிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கூம்பை ஒரு பழந்துணியால் துடைத்து வைத்தான். நாலு வருஷம் எதற்காகத் தவம் கிடந்தானோ அதை நாலு நிமிஷத்தில் தன் கையாலேயே கொன்றான். அவன் மனசு அன்றைக்கே அவனைக் காறித் துப்பியது, ஆனால் கை நிற்கவில்லை.

மத்தியானம் உதயா அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்தான்.

"இன்னா உதயா, விசேஷம்?" என்று லீனா கேட்டாள்.

"சும்மாதான் அண்ணி" என்றான். பெட்டியைத் திறந்து அண்ணனிடம் நீட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்து நின்றான். ஆம்ப்ரோஸ் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நெய் கம்மி" என்றான்.

இன்னொரு ஜோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு ஜோடி. பழுத்த தக்காளி நிறம், தட்டு மாதிரி முழு வட்டம். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தத் தொட்டி முன்னால்தான் நிற்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவை ஜோடி சேர்ந்தபோது, இதில்தான் நம் வம்சம் தழைக்கப்போகிறது என்று ஆம்ப்ரோஸ் உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். பத்து நாளைக்கு ஒருமுறை முட்டையும் வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டே நாளில் எல்லாம் வெள்ளையாகி அழுகியது. பிறகு ஒருநாள் இரண்டு மீனும் மாறி மாறி முட்டையிடுவதைப் பார்த்தான். இரண்டும் பெண். டிஸ்கஸில் இப்படிப் பெண்ணும் பெண்ணும் ஜோடி சேருவது உண்டு, தெரிந்தவன் யாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் எப்படிச் சிரிப்பது? "ஆம்பள கொஞ்சம் வீக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தான். அப்போது அது வெறும் வறட்டுக் கௌரவம். இப்போது உதவிக்கு வந்தது.

பாகம் பிரிக்கத் தாஸ் மாமா கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்தார். அம்மாவின் தம்பி. அந்தக் குடும்பத்தில் எந்தப் பாகமும் அவர் இல்லாமல் பிரிந்ததில்லை.

"அண்ணன் பங்கு போடணும், தம்பி எடுக்கணும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இதான் முறை" என்றார். "மொதல்ல எடுக்கறது அவன்னு தெரிஞ்சா, போடறவன் கை தன்னால நேராப் போடும்."

நல்ல முறைதான், நிலத்துக்கும் அண்டா குண்டானுக்கும். எது நெல், எது பதர் என்று பங்கு போடுகிறவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்தால் முறை என்ன செய்யும்?

ஆம்ப்ரோஸ் சாக்பீஸால் தொட்டிகளில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தான். சிவப்பு ஜோடி ஒரு பங்கில், நீல ஜோடி மறு பங்கில். மற்றதெல்லாம் சமம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரமாகச் சிவப்புக்கு இறாலும் மாட்டு ஈரலும் அரைத்துப் போட்டுப் பளபளப்பேற்றி, கண்ணாடியைத் தேய்த்து, புது விளக்கு மாட்டியிருந்தான். நீலத்தின் தொட்டியில் பாசி படிய விட்டிருந்தான், ஃபியூஸ் போன விளக்கை மாற்றவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெரிய மகளுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டுச் சின்னவளை அடுக்களையில் ஒளித்துவைப்பதுபோல.

தாஸ் மாமா இரண்டு தொட்டியையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இது இன்னாத்துக்கு வம்பு? ரெண்டு ஜோடியிலயும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்குங்களேன்."

"ஐயோ மாமா!" ஆம்ப்ரோஸுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஜோடி சேந்தத பிரிச்சா முடிஞ்சுது. திரும்ப ஒண்ணு சேராது. ஒண்ண ஒண்ணு கடிச்சே கொன்னுடும். மீன் தெரிஞ்ச எவனும் ஜோடியில கை வெக்க மாட்டான்."

உதயா இரண்டு தொட்டிக்கும் நடுவில் நின்றான். சிவப்பைப் பார்த்தான். இருட்டாகக் கிடந்த நீலத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தான்.

"அண்ணா, நீயே சொல்லு. எனக்கு எதைக் குடுக்கணும்னு உன் மனசுல கீது?"

"என் மனசுல இன்னாடா? எடுக்க வேண்டியது நீ. ஆனா கேக்கறியேன்னு சொல்றேன், செவப்புதான் ராசியானது."

உதயா போய்ச் சிவப்பின் தொட்டிமேல் கை வைத்தான். "சரிண்ணா. செவப்பே எடுத்துக்கறேன்" என்றான்.

"தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க? கொடுத்து வெச்சவன்டா நீ" என்று தாஸ் மாமா ஆம்ப்ரோஸின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு அறை மாதிரி விழுந்தது.

உதயா குடிபோன பன்னிரண்டாம் நாள் முதல் போன் வந்தது.

"அண்ணா, முட்டை போட்டுச்சு! முந்நூறு இருக்கும்!" இரண்டு நாள் கழித்து மறுபடியும். "எல்லாம் வெள்ளையாப் போச்சுண்ணா. ஏண்ணா?"

அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. புது வீடு, சாமான் இல்லாத ஹால், அப்படித்தான் கேட்கும் என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டான். சொல்லிவிட அதுதான் நேரம். "டேய், ரெண்டும் பொட்டை" என்று மூன்று வார்த்தை. வாய் வரை வந்தது.

"தண்ணி மாத்திப் பாருடா" என்றான். "அங்க போர் தண்ணி, உப்பு. இங்க காவேரித் தண்ணியில இருந்ததுங்க. அதான்."

பத்து நாள் கழித்து மறுபடி முட்டை, மறுபடி வெள்ளை, மறுபடி "ஏண்ணா?" வாதாம் இலை போடு என்றான். அடுத்த முறை, லைட்டைக் குறை என்றான். அதற்கடுத்த முறை, தினம் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்று என்றான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவனுக்கு ஒன்பதாவது தாண்டியும் புதிது புதிதாக ஊறிக்கொண்டே இருந்தது.

"மூணாவது மாடிண்ணா இது. லிஃப்ட் கெடையாது" என்றான் உதயா ஒருநாள். "தெனம் இருபது கொடம் காவேரித் தண்ணி கீழ லாரிலேர்ந்து ஹெலன்தான் தூக்கறா. தோள்பட்டை வீங்கிக் கீது. இன்னும் எத்தினி நாளு தூக்கணும்ணா?"

ஹெலனின் மெல்லிய தோள் ஆம்ப்ரோஸின் கண்முன் வந்தது. "இன்னும் ரெண்டு ஈடு முட்டை பாக்கலாம்" என்றான்.

போனை வைத்ததும் லீனா கேட்டாள், "அந்தப் பொண்ணு தோளு ஒடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருக்கீங்களா?" சிவப்பு இரண்டும் பெண் என்பதை அவளிடம் மட்டும் ஒருநாள் உளறியிருந்தான். குஞ்சுகளைக் கொட்டியதை அவளிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் நீல ஜோடி மறுபடி பொரித்தது. இம்முறை அவன் கை வைக்கவில்லை. எண்பது குஞ்சு. நாலாம் நாள் அவை கூம்பைவிட்டுக் கிளம்பித் தாயின் விலாவில் ஒட்டின. தாய் உதறியது, மொத்தக் கூட்டமும் தகப்பன்மேல் பாய்ந்தது. போனில் பார்த்ததைவிட நூறு பங்கு அழகு. ஆம்ப்ரோஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பக்கத்தில் நின்று "இங்க பாருண்ணா, இங்க பாரு" என்று குதிக்க ஆள் இல்லை. லீனா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போனாள். சாப்பாட்டில் உப்பில்லாததுபோல இருந்தது அவனுக்கு.

குஞ்சுகள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்ததும் அடுகோடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஸ்ரீகண்டன் வந்தார். குஞ்சுகளைப் பார்த்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

"சூப்பர் குரு! உங்க தம்பி சொன்னப்போ நான் நம்பலே."

"தம்பி இன்னா சொன்னான்?"

"உங்க வீட்லேர்ந்து காலி பண்ணிட்டுப் போன வாரமே வந்தாரே. அண்ணன்கிட்ட ஒரு நீல ஜோடி இருக்கு, சீக்கிரம் குஞ்சு வரும், வேற எங்கயும் வாங்காதீங்க, அவர்கிட்டயே வாங்குங்க, வேலை இல்லாம இருக்காருன்னார்."

குடிபோன வாரமே என்றால் பாகம் பிரித்த கையோடு. நீலத்தைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும்? சும்மா அண்ணனுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான், அவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று ஆம்ப்ரோஸ் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். தேறவில்லை. ஹெலனின் தோள் வேறு மனசை அறுத்தது.

ஒரு வாரம் யோசித்தான். உண்மையைச் சொல்வது என்பதைத் தவிர மற்ற எல்லா வழியையும் யோசித்தான். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. நீல ஆணைக் கொண்டுபோய் ஒரு பத்து நாள் அங்கே விடுவது. சிவப்பில் ஒருத்தியோடு அது சேர்ந்து ஒரு ஈடு பொரித்துவிட்டால் உதயாவும் குளிர்ந்துவிடுவான், திரும்பக் கொண்டுவந்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. ஜோடியில் கை வைக்கக் கூடாது என்று மாமாவிடம் கத்தியவன் இவன்தான். அந்த உபதேசம் ஊருக்கு.

பிளாஸ்டிக் கவரில் தண்ணீரும் காற்றும் அடைத்து ஆணை உள்ளே விட்டபோது லீனா கேட்டாள், "வாயத் தொறந்தா முடியற வேலைக்கு மீனை எதுக்குத் தூக்கறீங்க?"

"உனக்குத் தெரியாது" என்றான்.

மெட்ரோ வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று பயந்து பஸ்ஸில் போனான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். ஓசூர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் பஸ் ஊர்ந்தது. கவருக்குள் மீன் கறுத்துக்கொண்டே வந்தது.

உதயா கீழே வாசலிலேயே நின்றிருந்தான். இளைத்திருந்தான். அண்ணன் கையிலிருந்த பையைப் பார்த்தான்.

"இன்னாண்ணா இது?"

"ஒரு ஆணு. உன் செவப்பு ஆணு சரியில்லைன்னு தோணுது. இதப் போட்டுப் பாரு."

உதயா மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றான். "இவ்ளோ தூரம் வந்துட்ட. நேருக்கு நேரா ஒரு தடவ சொல்லுண்ணா. ஏன் பொரிக்கல?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. ஆம்ப்ரோஸ் தம்பியின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான், "தண்ணிதான்டா. இந்த உப்புத் தண்ணியில ஆணு மலடாயிடும்."

"சரி. வா" என்று உதயா வழிவிட்டான்.

மூன்று மாடி ஏறி உள்ளே போன ஆம்ப்ரோஸ் ஹாலில் அப்படியே நின்றுவிட்டான். ஒரே ஒரு பெரிய தொட்டி. பங்கில் வந்த மற்றதையெல்லாம் விற்றுவிட்டான் போல. அடியில் மணல், அதில் பச்சைச் செடிகள், நடுவில் குமிழி விடுகிற பிளாஸ்டிக் கோட்டை. அதற்குள் சிவப்பு இரண்டும் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. மீனைக் குஞ்சு பொரிக்க வைக்க நினைப்பவன் எவனும் தொட்டியில் மணல் போடமாட்டான், செடி வைக்கமாட்டான். அழகு பார்க்க வைப்பவன்தான் வைப்பான். முட்டைக்கான மண் கூம்பு சமையலறை ஜன்னலில் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் கறிவேப்பிலை காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குடம் என்று ஒன்றையும் காணோம்.

ஹெலன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தோளில் ஒரு குறையும் இல்லை.

"நான் ஒரு கொடம்கூடத் தூக்கல மாமா" என்றாள். "தூக்கறேன்னு சொன்னாலாவது உங்களுக்கு மனசு வராதான்னு பாத்தாரு. நீங்க பேசறத எல்லாம் ஸ்பீக்கர்ல போடுவாரு. நானும் உக்காந்து கேப்பேன். இந்த வாட்டி அண்ணன் சொல்லிடும் பாருன்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்வாரு."

"உதயா..." என்றான் ஆம்ப்ரோஸ்.

உதயா சுவரில் சாய்ந்து நின்றான். "நீ பூசைக்குப் போயிருந்தப்ப நான் மீன் ரூமுக்குப் போனேண்ணா. நீலம் பொரிச்சிருந்துச்சு. எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா உசுரு துடிச்சா தெரியும் இல்ல? நாலு வருஷமா நீ இதுக்காகக் காத்துக் கெடந்தது தெரியும் இல்ல? நீயே பாத்துட்டு வந்து சொல்லணும், அப்ப ஸ்வீட்ட எடுத்து வாயில வெக்கணும்னுதான் வண்டிய எடுத்துக்கினு கடைக்கு ஓடினேன். அரைக்கிலோ வாங்கினேனே, எதுக்குன்னு ஒரு தடவ யோசிச்சியா நீ? நெய் கம்மின்ன."

ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாயங்காலம் போய்ப் பாத்தேன். கூம்பத் தொடச்சு வெச்சிருந்த. மொதல்ல எனக்குப் புரியல. நீ தொட்டியில நம்பர் எழுதி, நீலத்த இருட்டுல வெச்சப்பதான் புரிஞ்சுது." அவன் குரல் உடைந்தது. "கேட்டிருந்தா ரெண்டு ஜோடியையும் வெச்சுட்டுப் போயிருப்பேண்ணா. பதினெட்டுத் தொட்டியையும் வெச்சுட்டுப் போயிருப்பேன். உனக்கு வேல இல்ல, எனக்குக் கீது. நீ கேட்டிருக்கலாம். அறுபது உசுர சாக்கடையில ஊத்தறதுக்குப் பதிலா வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்."

ஆம்ப்ரோஸின் கையிலிருந்த கவருக்குள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தப்புப் பண்ணிட்டேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே தம்பி கட்டிக்கொண்டு அழுதிருப்பான், அது ஆம்ப்ரோஸுக்கும் தெரிந்தது. ஆனால் இத்தனை நாள் பொய்யாகவே ஊறிய வாயில் அந்த வார்த்தை ஊறவில்லை. "மீனு... மீனு செத்துடும்டா, நான் கெளம்பறேன்" என்றான்.

"கெளம்பு" என்றான் உதயா.

வீட்டுக்கு வந்து ஆணைத் தொட்டியில் விட்டான். பெண் அதை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு யாரோ அந்நியனைப் பார்த்ததுபோல விரட்டிக் கடிக்க ஆரம்பித்தது. மூன்று நாளில் கிழிந்த வால் முழுவதும் போயிற்று. ஆண் ஹீட்டருக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றது, கறுத்துப்போயிற்று, சாப்பிடவில்லை. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தான். தடுப்பை எடுத்ததும் மறுபடி கடி. பத்து நாளைக்கொருமுறை வந்துகொண்டிருந்த போன் பத்தாம் நாள் வரவில்லை. பதினொன்றாம் நாளும் வரவில்லை. போன் வருகிற நேரத்தில் பயந்து செத்துக்கொண்டிருந்தவன், வராதபோது அந்த நேரத்துக்காகவே காத்திருந்தான்.

பதினைந்தாம் நாள் அவனே போட்டான். நெடுநேரம் அடித்து எடுத்தான் உதயா.

"சொல்லுண்ணா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். பக்கத்தில் ஹெலனும் உட்கார்ந்திருப்பாள்.

"உதயா, நீலம் ரெண்டும் சேர மாட்டேங்குதுடா. பொட்டை அவனக் கிட்டவே விடல. முட்டையும் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமில்லை. காத்திருக்கிறார்கள் என்று ஆம்ப்ரோஸுக்குப் புரிந்தது. இப்போதாவது, இந்த ஒரு தடவையாவது என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

"ஏன்னே தெரியலடா" என்றான் ஆம்ப்ரோஸ்.

பிறகு உதயாவின் குரல் வந்தது. ரொம்ப மரியாதையான, அந்நியனிடம் பேசுகிற குரல்.

"தண்ணி மாத்திப் பாருண்ணா. வாதாம் எல போடு. லைட்டக் கொஞ்சம் கொறச்சுக்கோ. போகப் போகச் சரியாயிடும்."

போன் வைக்கப்பட்டது. ஆம்ப்ரோஸ் தொட்டி முன்னால் நின்றான். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்? ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.